ராட்டினத்தின் கீழ்ப்பாதி

பூமி சுற்றுகிறது என்று இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அது சுற்றுவதை நான் கண்ணால் பார்த்தது ஒரு மே மாதத்துச் சனிக்கிழமை காலையில்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில், எங்கள் வீட்டு வாசலில், செம்பருத்திச் செடிக்குக் கீழே நின்றுகொண்டு பார்த்தேன்.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், போக நேரமாகும். இதை என் வீட்டுக்காரரிடம் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் விழுந்தது நான் என்றாலும், அடிபட்டது அவளுக்குத்தான்.

அக்கா எனக்கு உறவில்லை. பதினேழு வருடமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஒரு வருஷம் அவள் எங்கும் போகவில்லை. அது வழக்கம் என்று நாங்களும் இருந்துவிட்டோம். வருஷத் திதி முடிந்த பிறகும் அவள் வெளியே வராதபோதுதான் எனக்கு உறுத்தியது.

காரணத்தை அவளிடமிருந்து பிடுங்குவதற்கு மூன்று மாலை ஆயிற்று. திதி முடிந்த மறுநாள் கோயிலுக்குப் போகலாம் என்று கேட்டைத் திறந்திருக்கிறாள். எதிர் வீட்டுக்காரர் அப்போதுதான் பைக்கைக் கிளப்பியிருக்கிறார். இவளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, ஏதோ மறந்தவர்போல உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மறுபடி வந்து கிளம்பினாராம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்ட மனிதரும் இல்லை, அக்கா வீட்டுக்காரர் காரியத்தில் முதல் ஆளாக வந்து நின்று பந்தல் போட்டவர் அவர்தான். ஆனால் அன்று கேட்டைச் சாத்தியவள் சாத்தியவள்தான். அதற்குப் பிறகு குப்பை போடுவதற்குக்கூட ஜன்னல் கம்பி வழியாகத் தெருவைப் பார்ப்பாள். யாரும் எங்கும் கிளம்பவில்லை என்று உறுதியானால்தான் வெளியே கால் வைப்பாள். யாருக்கும் தான் எதிரே வந்துவிடக் கூடாது என்று ஒரு மனுஷி இவ்வளவு கணக்குப் போட்டு வாழ்வது எனக்குத் தெரியாமல் போனதே என்று எனக்கு என்மேலேயே கோபம். அந்தக் கோபத்தை வழக்கம்போல அவள்மேல் காட்டினேன். என் குரல் தெருக்கோடி வரை கேட்டதாக என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் தாம்பரம் பக்கம் ஒரு மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். தெருவில் இன்னும் இரண்டு பேரும் நானும் சனிக்கிழமை சாயந்திரம் போவதாக ஏற்பாடு. அக்காவைக் கூப்பிட்டேன். முடியாது என்றாள். மறுநாளும் கூப்பிட்டேன். ஐந்தாவது நாள் அவளாகவே சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, ராட்டினம் வந்திருக்கிறதா என்று கேட்டாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அவளுக்கு அந்தப் பெரிய ராட்டினத்தில் ஏற ஆசையாம். அவருக்கு உயரம் ஆகாது. ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேரும் டெல்லி அப்பளம் வாங்கித் தின்றுகொண்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்களாம்.

“நீ பக்கத்துல உட்கார்ந்தா ஏறுறேன்” என்றாள்.

பதினான்கு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆசை அது. சரி என்றேன். இரண்டு ரவுண்டு போகலாம் என்று வேறு சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரை இருக்கும். சாமிக்குப் பூப் பறிக்க வாசலுக்கு வந்தேன். செடியின் உச்சியில் ஒரே ஒரு பூ, கைக்கு எட்டாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால், அக்கா. ஜன்னல் வழியாகப் பார்க்காமல், நேரம் பார்க்காமல், கையில் இரண்டு புடவைகளோடு நேராக என் எதிரே வந்து நின்றாள். நீலமா, மாம்பழக் கலரா என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். நீலம் என்று சொல்லிக்கொண்டே அந்த உச்சிப் பூவைப் பறிக்கத் தலையை அண்ணாந்தேன்.

வானம் புரண்டது. மயக்கம் என்று சொல்ல முடியாது, மயக்கத்தில் எல்லாம் மங்கும். இதில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, தெரிந்தபடியே சுற்றியது. செடி, மின்கம்பம், எதிர் வீட்டு மாடி, அக்கா, நீலப்புடவை எல்லாம் வலமிருந்து இடமாக ஓடின. ஓடி முடித்து மறுபடி முதலிலிருந்து ஓடின. தரையைக் கட்டிக்கொண்டு படுத்தால் தரையும் ஓடியது.

அடுத்து வந்த ஒரு நொடியை எழுதித்தான் ஆக வேண்டும். அக்கா என்னைத் தூக்கக் குனிந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒன்று தோன்றியது. விடிந்ததும் இவள் எதிரே வந்தாளே என்று. இருபத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியவளின் தலைக்குள், தெருவே கேட்க அவளுக்குப் பிரசங்கம் செய்தவளின் தலைக்குள் அது தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அக்கா நீட்டிய கையை என்னைத் தொடாமலே பின்னால் எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

என்னைக் கட்டிலில் போட்டார்கள். கண்ணைத் திறந்தால் வாந்தி. தலையை வலது பக்கம் திருப்பினால் மின்விசிறி போடாமலே சுற்றியது. பித்தம்தான் என்றார் என் வீட்டுக்காரர். இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்துத் தேன் விட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை குறைந்திருக்கும் என்று ஒரு குரலும், பி.பி. ஏறியிருக்கும் என்று இன்னொரு குரலும் வாசலில் கேட்டன. நானும் பித்தம் என்றே நம்பினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் காதின் படத்தைப் போர்டில் வரைகிறேன். உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் உடலின் சமநிலையைக் காக்கின்றன, இரண்டு மதிப்பெண். அழகாக வரைவேன், மூன்று கலரில். என் சொந்தக் காது என்னைக் கீழே தள்ளியபோது இஞ்சிச்சாறு கேட்டுக் குடித்தேன்.

பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்து, அக்கா சொல்லியனுப்பியதைச் சொன்னார். சாயந்திரம் அவள் வரவில்லை. இனிமேல் எங்கேயும் கூப்பிட வேண்டாம். தன்னால் நான் விழுந்தது போதும்.

கண்ணை மூடிக்கொண்டே அழுதேன். சாயந்திரத்துக்குள் நான் எழுந்து நடக்காவிட்டால் அந்தக் கதவு இனித் திறக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வேறு சமயமாக இருந்தால், நாளைக்குக் குணமானால் என்ன, திங்கட்கிழமை குணமானால் என்ன என்று இருந்துவிடலாம். ஆனால் நான் எத்தனை மணிநேரம் படுத்துக்கிடக்கிறேனோ அத்தனை மணிநேரமும் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான்தான் காரணம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள். உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். பித்தம் இறங்கட்டும் என்றார் வீட்டுக்காரர். நான் போட்ட சத்தத்தில் ஆட்டோ வந்தது.

வேளச்சேரி சாலையில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உயிர் போய் வந்தது. காது மூக்குத் தொண்டை டாக்டர், சின்னப் பெண். என் மாணவியாக இருந்திருக்கலாம் என்கிற வயது. நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தாள். தலை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அறை பிய்த்துக்கொண்டு சுற்றியது. நான் அவள் கோட்டைப் பிடித்துக் கசக்கினேன். என் கண்ணையே உற்றுப் பார்த்தவள், “கண்ணு நல்லா ஆடுது, நல்லது” என்றாள். என்ன நல்லது என்று திட்ட வாய் வரவில்லை.

அரை நிமிஷம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு தலையை இடது பக்கம் திருப்பினாள், அரை நிமிஷம். என்னை முழுவதுமாக இடப்பக்கம் புரட்டித் தரையைப் பார்க்கச் சொன்னாள், அரை நிமிஷம். பிறகு கையைக் கொடுத்து மெதுவாக உட்காரவைத்தாள். மருந்தில்லை, ஊசியில்லை. சப்பாத்தியைப் புரட்டுவதுபோல ஒரு மனுஷியைப் புரட்டியதோடு சரி.

நின்றுவிட்டது.

எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதன் நாலு மூலையும் நாலு மூலையிலேயே இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலண்டர் அசையாமல் இருப்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று நாற்பத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. நாற்காலி, வாஷ்பேசின், கதவில் சாய்ந்து நின்ற என் வீட்டுக்காரரின் வழுக்கை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் அப்படி ஒரு உறுதியோடு இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

காதுக்குள் ஒரு இடத்தில் சுண்ணாம்புப் பொடிபோலக் குட்டிக் குட்டிக் கற்கள் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதில் நாலைந்து கழன்று, போகக் கூடாத குழலுக்குள் போய்விட்டனவாம். வலது காதுதான் என்பதை என் கண் ஆடிய விதமே காட்டிக்கொடுத்ததாம். தலையை அண்ணாந்தபோது அவை உருண்டதில் மூளை ஏமாந்துவிட்டது. இப்போது தலையைப் புரட்டிப் பழைய இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டியாயிற்று. டாக்டர் சொல்லச் சொல்ல நான் வாய்க்குள், அரைவட்டக் குழல்கள், அரைவட்டக் குழல்கள் என்று முணுமுணுத்தேன். நீங்க டீச்சரா என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி, ஐந்தரை அடி மனுஷியைச் சாய்த்துப்போடுகிறது. அது நகர்ந்தால் உலகமே நகர்கிறது. இத்தனை வருஷம் இந்த அதிசயத்தைத் தலைக்குள் சுமந்துகொண்டு, அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயந்திரம் வெளியே போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் நடை கொஞ்சம் தள்ளாடும், யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். இரண்டு நாளைக்குக் குனியக் கூடாது, அண்ணாந்து பார்க்கக் கூடாது. ராட்டினத்தில் ஏறலாமா என்றதற்கு அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தபோது மணி நாலரை. சுவரைப் பிடித்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள். காலையில் கட்டியிருந்த வெளுத்த புடவை. நான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் காதை வரைந்து, குழலை வரைந்து, கல்லையும் புள்ளியாக வைத்துக் கம்பி வழியாகக் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். நல்ல மாணவி மாதிரி கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

“கல்லு எப்ப வேணா நகந்திருக்கலாம். நான் எதிர்ல வந்தப்ப ஏன் நகந்துச்சு?”

 எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை அக்கா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது உறைத்தது.

“தெரியலக்கா. விழுந்தப்ப ஒரு செகண்ட் நானும் அப்படித்தான் நினைச்சேன். மன்னிச்சுடுங்க” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். 

“எனக்குத் தெரியும். உன் கண்ணுல பார்த்தேன்” என்றாள். பிறகு சொன்னாள். “எல்லாரும் அதெல்லாம் ஒண்ணுமில்லக்கான்னு சொல்லிட்டு தள்ளிப் போயிடுறாங்க. நினைச்சேன்னு சொல்லிட்டு திரும்ப வந்தது நீ ஒருத்திதான்.”

எனக்குக் கால் தள்ளாடியது. நடிக்கவில்லை, நிஜமாகவே தள்ளாடியது. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் என்னால் பொருட்காட்சிக்குப் போக முடியாது என்றேன். டாக்டரே சொல்லியிருக்கிறாள் என்றேன். கம்பிக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்து முதலில் என் முழங்கையைப் பிடித்தாள். பிறகுதான் புடவை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். நீலம்.

மைதானத்துக்கு நாங்கள் போனபோது வெயில் இறங்கியிருந்தது, சூடு இறங்கவில்லை. மற்ற இரண்டு பேரும் வளையல் கடைப் பக்கம் போய்விட்டார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் தரையைப் பார்த்தபடியே நடந்தேன். மண் நிற்கிறது, பந்தல் கால் நிற்கிறது, மிளகாய் பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் நிற்கிறது. இத்தனை சத்தத்துக்கும் இத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில் எதுவுமே வழுக்கி விழாமல் இருப்பதை நான் திருவிழாக் குழந்தைபோல வேடிக்கை பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதிரே வந்துகொண்டிருந்தவர்களை அவள் கவனிக்கவில்லை. என்னை விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே அவளுக்குச் சரியாக இருந்தது.

ராட்டினத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அப்போதுதான் டாக்டர் சிரித்ததன் அர்த்தத்தைச் சொன்னேன், நான் ஏறக் கூடாது என்பதை. நீ இல்லாமல் நான் எப்படி என்று அவள் பின்வாங்கினாள். பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வருஷம் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவளை முன்னால் தள்ளாத குறையாக வரிசையில் நிறுத்தினேன்.

அந்த ராட்டினத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் எதிரெதிராக இரண்டு பலகை. ஒரு பலகையில் புதுசாகக் கல்யாணமான ஜோடி உட்கார்ந்திருந்தது. மஞ்சள் மாறாத தாலிக்கயிறு, கை நிறைய வளையல், மருதாணி. அவர்களுக்கு எதிர்ப் பலகை காலி. அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் வைத்தாள். 

“இன்னாம்மா, ஏறு. ஜனம் நின்னுகினு கீது” என்று ராட்டினக்காரர் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கம்பியை மாட்டிவிட்டார். எனக்கு ஒன்றும் செய்ய நேரமில்லை. ராட்டினம் கிளம்பிவிட்டது.

நான் அண்ணாந்து பார்க்கக் கூடாது. அதனால் ராட்டினத்தின் கீழ்ப்பாதிதான் எனக்கு. பெட்டி மேலே ஏறியதும் என் கண்ணிலிருந்து போய்விடும். மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல், அது மறுபடி இறங்கி வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். முதல் சுற்றில் வந்தபோது அக்கா தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கி உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்தவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் வேகம் கூடியிருந்தது. அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள், புருஷன் ஒருபக்கம் தானே வெளிறிப்போய்க் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் மருதாணிக் கை இரண்டும் எதிர்ப் பக்கம் நீண்டு அக்காவின் கைகளைப் பற்றியிருந்தன. நாலாவது சுற்றில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறை இறங்கி வரும்போதும் அவள் எனக்குக் கொஞ்சம் புதிய ஆளாக வந்தாள். காலையில் அந்தக் காலண்டரைப் பார்த்தபோதுகூட என் உடம்பு இப்படிச் சிலிர்க்கவில்லை.

ராட்டினம் நின்றது. புருஷன் முதலில் இறங்கி ஓரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண் இறங்கிய பிறகும் அக்காவின் கையை விடவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருக்கிறார்களாம், கல்யாணமாகி இருபது நாளாம், வீட்டை விட்டு இரண்டு பேருமாக வெளியே வந்த முதல் சாயந்திரமாம். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள்.

“நல்லவேளை ஆன்ட்டி, நீங்க எதிர்ல இருந்தீங்க” என்றாள்.

 அக்கா அந்தப் பெண்ணின் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அந்தப் பெண் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்து, அவன் இனித் தேறமாட்டான் என்று தெரிந்துகொண்டு, இன்னொரு ரவுண்டு போகலாமா ஆன்ட்டி என்று கேட்டாள். போகட்டுமா என்று அக்கா என்னைக் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் தலையாட்டத் தயாராக நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையை மட்டும் என் கையில் திணித்துவிட்டு, அந்தப் பெண்ணோடு வரிசையில் போய் நின்றாள்.